பாறையேறிகள் பனிக்கு எதை முதலில் வாங்க வேண்டும்?

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரைக் குறுக்கே கடந்து செல்லும் டயோகா சாலை, பெரும்பாலான ஆண்டுகளில் நவம்பர் வாக்கில் முதல் கனத்த பனியோடு மூடப்படுகிறது. மறுபடி திறக்க மே கடைசியோ ஜூனோ ஆகிவிடும். 2023-இல் பனி கொட்டித் தீர்த்ததால் ஜூலை 22 அன்றுதான் திறந்தார்கள். அந்தச் சாலையோரம் இருக்கிறது டுவாலமி புல்வெளி. அதைச் சுற்றி வழுவழுப்பான கருங்கல் குன்றுகள். கோடை முழுவதும் அவற்றில் விரல்நுனியாலும் ரப்பர் காலணியாலும் ஏறிப் பழகியவர்களுக்குச் சாலை மூடியதும் மலை எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது. பாறையேறிகள் பலர் முதன்முறையாக ஸ்கீ வாங்கக் கடைக்குப் போவது இந்தப் பருவத்தில்தான்.

கடையில் அவர்களை வரவேற்பது பெருங்குழப்பம். ஒரு சுவரில் நாலரை சென்டிமீட்டர் அகலத்தில், கைவிரலில் தூக்கிவிடக்கூடிய கிராஸ்-கன்ட்ரி ஸ்கீகள். எதிர்ச்சுவரில் பத்து சென்டிமீட்டர் அகலத்தில், எஃகு விளிம்பு பளபளக்கும் பேக்கன்ட்ரி ஸ்கீகள். இரண்டுக்கும் நடுவே இரண்டின் சாயலும் கொண்ட ஒரு பெருங்கூட்டம். ஒவ்வொன்றுக்கும் பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் தனி பைண்டிங், தனி பூட்ஸ். ஒன்றுக்கு வாங்கியது பெரும்பாலும் இன்னொன்றில் பொருந்தாது. கயிறு, கேம், காரபினர் என்று உலோகத்தின் தாங்குதிறனை எண்களாக நினைவில் வைத்திருப்பவர்கள்கூட இந்த இடத்தில் திணறுகிறார்கள்.

திணறலின் முடிவில் பெரும்பாலோர் ஒரே வரிசையில் வாங்குகிறார்கள். முதலில் கண்ணைக் கவரும் ஸ்கீ. அதற்குப் பொருந்தும் பைண்டிங். மிச்சக் காசுக்கு பூட்ஸ். பனிச்சரிவுப் பயிற்சி, நேரம் கிடைக்கும்போது. இந்த வரிசை முழுக்கத் தலைகீழானது. எந்த நிலத்தில் போகப்போகிறோம் என்ற முடிவு முதலில் வர வேண்டும், அடுத்தது பூட்ஸ், பிறகு பைண்டிங், கடைசியில் ஸ்கீ. சரிவான நிலம் என்று முடிவானால், இவை எல்லாவற்றுக்கும் முன்பே பனிச்சரிவுப் பயிற்சி வந்துவிட வேண்டும். பாறையில் தேர்ந்தவர்களுக்கு இந்த வரிசை மற்ற எவரையும்விடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பாறையும் பனிச்சறுக்கும் ஒரே மனிதரிடம் கூடிவாழ்வது புதிதல்ல. நியூ மெக்ஸிகோவின் ஷிப்ராக் சிகரத்தை 1939-இல் முதன்முதலாக ஏறிய நால்வரில் ஒருவர் டேவிட் ப்ரோவர். பின்னாளில் சியரா கிளப் என்ற சூழலியல் அமைப்பை வழிநடத்திப் புகழ்பெற்ற அவரே, 1942-இல் வெளிவந்த ஸ்கீ மலையேற்றக் கையேட்டின் தொகுப்பாசிரியர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 10-ஆம் மலைப் படைப்பிரிவில் சேர்ந்து, வீரர்களுக்குப் பாறையேற்றம் கற்பித்தவரும் அவர்தான். அந்தத் தலைமுறைக்குத் தேர்ந்தெடுக்கும் சிரமம் அதிகம் இல்லை. மரத்தால் ஆன ஸ்கீ, தோல் பூட்ஸ், கம்பிவடப் பைண்டிங் என்று ஏறத்தாழ ஒரே வகைச் சாமானோடு எல்லா நிலத்துக்கும் போனார்கள். இன்றைய சாமான்கள் ஒவ்வொரு நிலத்துக்கும் ஏற்றபடி கூர்மைப்பட்டுவிட்டன. அதனால் நிலத்தைத் தெளிவாகச் சொல்லாதவருக்கு எந்தக் கடையும் உதவ முடியாது.

நிலம் என்பதை, டயோகா சாலை கடக்கும் யோசெமிட்டி தேசியப் பூங்காவையும் அதன் அக்கம்பக்கத்தையும் வைத்தே விளக்கலாம். பேட்ஜர் பாஸ் என்ற பழைய பனிச்சறுக்குத் திடலிலிருந்து கிளேசியர் பாயின்ட் வரை சுமார் 17 கிலோமீட்டர் சாலை குளிர்காலத்தில் வாகனங்களுக்கு மூடப்படுகிறது. இயந்திரத்தால் பனியைச் சமன்படுத்தி, ஸ்கீ ஓடத் தடம் வெட்டி வைக்கிறார்கள். மேடும் பள்ளமும் உண்டு, செங்குத்து இல்லை. முதல் வகை நிலம் இது.

அதே பேட்ஜர் பாஸிலிருந்து இன்னொரு வழி காட்டுக்குள் திரும்புகிறது. சுமார் 16 கிலோமீட்டர் போனால் ஆஸ்ட்ராண்டர் ஏரிக்கரையில், 1940-களின் தொடக்கத்தில் கல்லால் கட்டிய ஒரு ஸ்கீ விடுதி. வழியில் தடம் வெட்டியிருக்காது. புதுப்பனியை மிதித்துத்தான் போக வேண்டும். கடைசிப் பகுதியில் நல்ல ஏற்றம். முதுகில் இரண்டு நாளுக்கான சுமையும் இருக்கும். இது இரண்டாம் வகை.

மூன்றாம் வகை, சியரா மலைத்தொடரின் கிழக்கு முகம். பிஷப், மாமத் லேக்ஸ் ஊர்களுக்கு மேலே, கோடையில் பாறையேறிகள் நடந்து கடக்கும் பள்ளத்தாக்குகளின் தலைப்பகுதி. ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏறி, 35, 40 பாகைச் சரிவில் இறங்குவது அங்கே சாதாரணம்.

முதல் வகை நிலத்துக்கு வேண்டிய கிராஸ்-கன்ட்ரி ஸ்கீயைப் பாறையேறிகள் பலர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சமதளத்தில் ஊர்வது தமக்கானதல்ல என்று கருதுகிறார்கள். இந்த எண்ணம் அவர்களுக்கு நட்டத்தையே தருகிறது. குளிர்காலம் முழுக்க மூச்சும் காலும் கெடாமல் காக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஒரு காலில் முழு எடையையும் வைத்துச் சறுக்கும் சமநிலையைக் கற்றுத்தருவதும் இதுதான். பிற்பாடு கனத்த ஸ்கீக்கு மாறும்போது அந்தச் சமநிலை கூடவே வரும். பெரிய விபத்துக்கும் இங்கே வாய்ப்புக் குறைவு.

இந்த ஸ்கீயைத் தேர்ந்தெடுப்பதில் உயரத்தைவிட எடைக்கே முதலிடம். தரையில் வைத்தால் ஸ்கீயின் நடுப்பகுதி வில்லைப்போல் மேலெழும்பி நிற்கும். இரண்டு காலிலும் எடை சமமாக இருக்கும்போது அந்த நடுப்பகுதி பனியைத் தொடக்கூடாது, அப்போதுதான் வழுக்கும். ஒரு காலில் முழு எடையும் இறங்கி உதைக்கும்போது அது பனியில் அழுந்த வேண்டும், அப்போதுதான் பிடிக்கும். பிடிப்புக்காகவே அந்த நடுப்பகுதியின் அடியில் மீன்செதில்போன்ற வரிவெட்டோ, பிடிமெழுகோ, முன்னே வழுக்கி, பின்னே வழுக்காமல் பிடிக்கும் குட்டையான ஸ்கின் பட்டையோ இருக்கும். நல்ல கடையில் இதைச் சோதித்துக் காட்டச் சொல்லலாம். ஸ்கீயைச் சமதளத்தில் வைத்து இரண்டு காலிலும் நின்றால், பாதத்துக்கு அடியில் ஒரு தாள் தடையில்லாமல் நகர வேண்டும். ஒரு காலில் நின்றால் தாள் சிக்கிக்கொள்ள வேண்டும். முதுகுப்பை சுமந்து போகப்போகிறவர் அதே எடையோடு நின்று பார்ப்பது அவசியம். பூட்ஸ் ஓட்டக் காலணிபோல் இருக்கும். முன்விரல்களுக்கு அடியிலுள்ள உலோகக் கம்பி மட்டும் பைண்டிங்கில் மாட்டிக்கொள்ளும். குதிகால் விடுபட்டே இருக்கும்.

ஆஸ்ட்ராண்டர் போன்ற இரண்டாம் வகை நிலத்துக்கு அகலம் கூட வேண்டும். நடுவில் ஆறு, ஏழு சென்டிமீட்டர், ஓரத்தில் எஃகு விளிம்பு, அடியில் மீன்செதில். கனமான சுமையோடு ஏற வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு ஜோடி ஸ்கின் பட்டை. இதற்கான பைண்டிங்குகளில் மூத்தது, 75 மில்லிமீட்டர் அகல மூக்கில் மூன்று முளைகள் பிடிக்கும் வகை. நார்வேயின் ப்ரோர் வித் என்பவர் 1927-இல் தொடங்கிய ராட்டஃபெல்லா நிறுவனத்தின் வழிவந்தது அது. கணுக்காலை ஓரளவு தாங்கும் தோல் பூட்ஸ் இதற்குப் போதும். பாறையேறிகளில் பெரும்பாலோர் குளிர்காலத்தில் உண்மையாகப் போகும் நிலம், அவர்கள் கனவு காணும் நிலம் அல்ல, இதுதான். அதனால் முதல் ஜோடி இதுவாக இருப்பதே நல்லது.

இத்தகைய மெல்லிய சாமானைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் 1980-இன் காரகோரம் பயணத்தை அறிந்துகொள்ள வேண்டும். நெட் ஜில்லெட், கேலன் ரோவல், கிம் ஷ்மிட்ஸ், டான் ஏசே ஆகிய நால்வர், சியாச்சென், பால்டோரோ, பியாஃபோ, ஹிஸ்பர் என்று பனியாறு பனியாறாகச் சுமார் 450 கிலோமீட்டரை ஸ்கீயில் கடந்தார்கள். தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 50 கிலோ சுமை. ஜில்லெட், 1968 குளிர்கால ஒலிம்பிக்குக்கான அமெரிக்க கிராஸ்-கன்ட்ரி அணியில் இருந்தவர். ரோவலும் ஷ்மிட்ஸும் யோசெமிட்டிச் சுவர்களில் பெயர்பெற்ற பாறையேறிகள்; 1977-இல் கிரேட் டிராங்கோ கோபுரத்தை முதலில் ஏறிய குழுவில் இருவருமே இருந்தார்கள். அவர்கள் பூட்டிக்கொண்டு போனவை குதிகால் விடுபட்ட மெல்லிய நார்டிக் ஸ்கீகள். நீண்ட தூரம், மென்சரிவான பனியாறு, பெருஞ்சுமை என்ற நிலத்துக்குப் பொருந்தியதையே தேர்ந்தெடுத்தார்கள். செங்குத்தில் சறுக்கி இறங்குவது அந்தப் பயணத்தின் நோக்கமே அல்ல.

இந்த இடத்தில் ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். மூன்று முளைப் பைண்டிங்கும் அதன் உறவுக்கார நார்டிக் வகைகளும் பெரும்பாலும் விழும்போது காலைத் தாமாக விடுவிப்பதில்லை. ஓடிவரும் பனிக்குள் சிக்கினால் நீண்ட பலகைகள் காலோடு சேர்ந்து ஆளைக் கீழே இழுக்கும். ஆகவே இவற்றோடு போகிறவர்கள் சரிவு மென்மையாக உள்ள நிலத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். வரைபடத்தில் சரிவின் கோணத்தை வண்ணமிட்டுக் காட்டும் செயலிகள் இன்று எல்லார் கைபேசியிலும் கிடைக்கின்றன. பாறையேறிகள் தடவரைபடம் படிக்கும் அதே கவனத்தோடு அதைப் படித்தால் போதும்.

இனி மூன்றாம் வகை. இங்கே பாறையேறிகள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஏற்கெனவே இருக்கும் மலையேற்றப் பூட்ஸை ஸ்கீயில் மாட்ட முடியாதா? முன்பு முடிந்தது. சில்வ்ரெட்டா நிறுவனத்தின் பைண்டிங்குகள், க்ராம்பான் மாட்டும் விளிம்புள்ள மலையேற்றப் பூட்ஸையும் ஏற்றுக்கொண்டன. மலையடிவாரம் வரை ஊர்ந்துபோக அவற்றைப் பல மலையேறிகள் பயன்படுத்தினார்கள். இறங்கும்போதுதான் கணக்குத் தீர்ந்தது. ஸ்கீயைத் திருப்புவது கெண்டைக்கால் முன்னெலும்பு கொடுக்கும் அழுத்தத்தால். மலையேற்றப் பூட்ஸ் கணுக்காலுக்குச் சற்று மேலோடு நின்றுவிடுவதால் அந்த அழுத்தம் பலகைக்குப் போய்ச் சேராது. இன்றைய நிலைமை நேரெதிர். ஸ்கீயில் மலையேறி இறங்கவென்று செய்த டூரிங் பூட்ஸின் மூக்கிலும் குதியிலும் க்ராம்பான் மாட்டும் விளிம்பு இருக்கிறது. அதோடு பனிச்சுவர் ஏறலாம், எளிதான பாறை முகடுகளையும் கடக்கலாம். ஸ்கீ பூட்ஸ் மலையேற்றத்துக்கு உதவும். மலையேற்றப் பூட்ஸ் ஸ்கீக்கு உதவாது. ஆகவே காசு எங்கே போக வேண்டும் என்பதில் ஐயமில்லை.

அந்தப் பூட்ஸைத் தேர்ந்தெடுப்பதில் பாறையேறிகளின் பழக்கமே அவர்களுக்கு எதிராக வேலை செய்கிறது. பாறைக் காலணியை விரல்கள் மடங்கும் அளவுக்கு இறுக்கமாக வாங்குவது அவர்களுக்கு வழக்கம். சின்னஞ்சிறு பிடியில் நிற்க அது தேவை. ஒரு தடம் ஏறி முடித்ததும் கழற்றிவிடலாம் என்பதால் வலி பொறுக்கத்தக்கது. ஸ்கீ பூட்ஸை எட்டு மணி நேரம், உறைநிலைக்குக் கீழே போட்டிருக்க வேண்டும். விரல் நெருக்குண்டால் இரத்த ஓட்டம் குறையும். அடுத்தது உறைபனிப் புண். கடையில் உள்ளுறையைக் கழற்றிவிட்டு, வெறும் வெளிக்கூட்டுக்குள் காலை நுழைத்து, விரல்கள் முன்னே தொடும்படி நிற்க வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் அளவு சரி. பிறகு உள்ளுறையைச் சூடாக்கிக் காலுக்கேற்ப வார்த்துத் தருவார்கள். குதிகால் அசையாமலும் விரல்கள் அசையும்படியும் இருக்க வேண்டும். இணையத்தில் தள்ளுபடி விலையில் பூட்ஸ் வாங்குவது இந்தத் துறையில் மிகவும் விலைகூடிய சிக்கனம்.

பைண்டிங்கின் கதைக்கு மலையேற்றத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்தெல், கனத்த ஸ்கீ சாமான்களோடு மான்ட் பிளாங்க் ஏறி இறங்கிய களைப்பிலிருந்துதான் புதிய பைண்டிங் ஒன்றை யோசிக்கத் தொடங்கினார். 1980-களில் அவர் வடிவமைத்ததில் அடித்தகடோ சட்டமோ இல்லை. பூட்ஸின் மூக்கில் பதித்த உலோகக் குழிகளை இரண்டு பக்கமும் இரண்டு முளைகள் கவ்விக்கொள்ளும். குதியில் இன்னும் இரண்டு முளைகள். ஏறும்போது குதியை விடுவித்தால் பூட்ஸ் மட்டும் மேலே எழும். அதற்கு முன்பிருந்த சட்ட வகைகளில் ஒவ்வோர் அடிக்கும் பைண்டிங்கின் பெரும்பகுதியையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருந்தது. அவற்றின் எடை ஒன்று சுமார் ஒரு கிலோ, சிலவற்றில் அதற்கும் மேல். முளை வகைகள் இன்று சில நூறு கிராமுக்குள் அடங்குகின்றன. டைனாஃபிட் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் அந்த வழியில்தான் செய்கின்றன. ஒரு நாளில் பல ஆயிரம் அடிகள் எடுத்துவைப்பவருக்குக் காலில் குறையும் கிராம், முதுகில் குறையும் கிராமைவிடப் பன்மடங்கு மதிப்புள்ளது.

ஆனால் எடையையே வெறித்தனமாகத் துரத்துவதும் சரியல்ல. பைண்டிங் என்பது பிடித்துவைக்கும் கருவி மட்டுமல்ல. விழும்போது விட்டுவிட வேண்டிய கருவியும்கூட. உடல் எடை, திறன், பூட்ஸின் அடிநீளம் ஆகியவற்றைக் கொண்டு விடுவிக்கும் விசையை ஒரு தேர்ந்த தொழில்நுட்பர் கணக்கிட்டு அமைக்க வேண்டும். பாறையேறிகள் கற்ற பாடம், எந்த இணைப்பும் அறுந்துபோகக்கூடாது என்பது. அதனால் விசையை மிகையாக முறுக்குவதும், ஏறும்போது மட்டும் போட வேண்டிய மூக்குப் பூட்டைப் போட்டுக்கொண்டே சறுக்கி இறங்குவதும் அவர்களிடம் எளிதில் ஒட்டிக்கொள்ளும் பழக்கங்கள். முழங்கால் தசைநார் அறுவதற்கு அது போதும். போட்டிகளுக்கான மிக இலேசான வகைகள் பலவற்றில் விசையை மாற்றி அமைக்கவே முடியாது. புதிதாகக் கற்பவருக்கு அவை வேண்டாம். உலக அளவுத் தரச் சான்று பெற்ற, சற்றே கனமான முளை வகை ஒன்றே முதல் சில ஆண்டுகளுக்கு ஏற்றது.

ஸ்கீ கடைசியில் வருகிறது என்று சொன்னது அலட்சியத்தால் அல்ல. பூட்ஸும் பைண்டிங்கும் சரியாக இருந்தால் ஸ்கீயில் ஏற்படும் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம், மறுதலையாக முடியாது. சியராவில் பேக்கன்ட்ரிக்கு நல்ல காலம் ஏப்ரலும் மேயும். இரவில் உறைந்து பகலில் மேற்பரப்பு மட்டும் இளகும் பனி அப்போது கிடைக்கும். அதற்கு நடுவில் 85 முதல் 95 மில்லிமீட்டர் அகலமும், ஒன்று ஒன்றரை கிலோவுக்கு உட்பட்ட எடையும் போதும். ஆழமான பொடிப்பனிக்கென்று செய்த மிக அகலமான ஸ்கீ, உறைந்த சரிவைக் குறுக்கே கடக்கும்போது விளிம்பு பிடிக்காமல் காலை முறுக்கும். பழைய ஸ்கீ வாங்கலாம்; ஸ்கின் பட்டையைப் புதிதாக, அந்த ஸ்கீயின் வடிவத்துக்கே வெட்டி வாங்க வேண்டும்.

பாறையேறிகளின் அலமாரியில் ஏற்கெனவே இருப்பது எவ்வளவு உதவும்? ஆடை அடுக்குகள், தலைவிளக்கு, காற்றுத் தடுப்பு மேலாடை, இலேசான ஹார்னெஸ், பனிக்கோடரி ஆகியவை அப்படியே உதவும். ஹெல்மெட்டில் மட்டும் கவனம் தேவை: மேலிருந்து விழும் கல்லுக்கென்று செய்தது, வேகமாகச் சறுக்கி மரத்தில் மோதும் அடியைத் தாங்குமென்று சொல்ல முடியாது. இரண்டு தரச் சான்றும் பெற்ற ஹெல்மெட்டுகள் கிடைக்கின்றன. வருடக்கணக்கில் சேர்த்த கேம்களும் நட்டுகளும் வீட்டிலேயே ஓய்வெடுக்கட்டும்.

பாறையேறிகள் கூடவே கொண்டுவரும் இன்னொரு சொத்து அவர்களுடைய கண். அதைத்தான் முழுதாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாறையில் 35 பாகை என்பது கையூன்றாமல் நடந்துபோகிற சாய்வு. யாரும் கயிறு கட்டமாட்டார்கள். பனியில் மிகக் கொடிய கோணம் அதுவே. பனித்தட்டு ஒன்று முழுதாகப் பெயர்ந்து ஓடும் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைக்குள் அடங்குகின்றன. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி சேராமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். அதைவிடச் சாய்வு குறைந்தால் நின்றுவிடும். பாறையேறிகளின் அச்சம் செங்குத்தைக் கண்டு விழித்துக்கொள்ளப் பழகியது. அது உறங்கும் இடத்தில்தான் பனி ஆளைக் கொல்கிறது. உயிரிழப்பில் முடியும் பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை, சிக்கியவராலோ அவருடைய குழுவினராலோ தூண்டப்பட்டவை. பனியின் அடுக்குகளுக்கு நடுவே புதைந்திருக்கும் பலவீனம் கண்ணுக்குத் தெரியாது. பாறையைத் தட்டிப் பார்ப்பதுபோல் தட்டிப் பார்த்தும் அறிய முடியாது.

தேர்ச்சி இதற்குக் காப்பாகாது. அலெக்ஸ் லோ, தம் காலத்தின் தலைசிறந்த மலையேறிகளில் ஒருவர். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட ஷிஷாபங்மா சிகரத்திலிருந்து ஸ்கீயில் இறங்கும் திட்டத்தோடு போனவர், 1999 அக்டோபர் 5 அன்று அங்கே பனிச்சரிவில் இறந்தார். உடனிருந்த டேவிட் பிரிட்ஜஸும் இறந்தார். 2017 அக்டோபரில் மான்டானாவின் இம்ப் சிகரத்தில் பருவத்தின் தொடக்கப் பனியில் ஸ்கீயோடு ஏறிக்கொண்டிருந்த இங்கா பெர்கின்ஸ் பனிச்சரிவில் முழுதாகப் புதைந்தார். உடனிருந்த ஹேடன் கென்னடியால் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. பெர்கின்ஸின் டிரான்ஸ்ஸீவர் அணைத்த நிலையில் அவருடைய பைக்குள் இருந்ததாக அப்பகுதியின் பனிச்சரிவு மையம் பதிவுசெய்தது. இருவரும் பாறையிலும் பனியிலும் மிகத் தேர்ந்தவர்கள். அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை; அந்தப் பதிவைப் படித்துவிட்டுத் தம் பழக்கத்தைத் திருத்திக்கொள்ளும் கடமை மற்ற எல்லாருக்கும் உண்டு.

டிரான்ஸ்ஸீவர் என்பது 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஓயாமல் துடிப்பை அனுப்பும் சிறு கருவி, உடம்போடு கட்டிக்கொள்வது. ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தம் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, துடிப்பைப் பின்தொடர்வார்கள். பிறகு 240 சென்டிமீட்டராவது நீளமுள்ள துழாவுகோலால் குத்தி இடத்தை உறுதிசெய்து, உலோக மண்வாரியால் தோண்டுவார்கள். ஓடி நின்ற பனி உடனே இறுகிவிடுவதால் பிளாஸ்டிக் மண்வாரி உடையும். மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றவை. நேரம் அவ்வளவு குறைவு. முழுதாகப் புதைந்தவர் 10 நிமிடத்துக்குள் மீட்கப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 90 சதவீதம். அரை மணி நேரத்தை நெருங்கும்போது அது மூன்றில் ஒன்றாகச் சரிகிறது. மீட்புப் படை வந்துசேர அந்த நேரம் போதாது. உயிரைக் காப்பாற்றக்கூடியவர் பக்கத்தில் நிற்கும் கூட்டாளி மட்டுமே.

ஏறத் தொடங்குமுன் ஒருவர் முடிச்சை மற்றவர் சரிபார்ப்பது பாறையேறிகளின் இரத்தத்தில் ஊறிய ஒழுக்கம். அதே ஒழுக்கம் பனியில் டிரான்ஸ்ஸீவர் சோதனையாக மாற வேண்டும்: கிளம்பும் இடத்திலேயே எல்லாக் கருவிகளும் அனுப்புகின்றனவா, தேடுகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. கைபேசியைக் கருவிக்கு 20 சென்டிமீட்டர் தள்ளி வைப்பது. தேடும்போது அரை மீட்டர். இந்த ஒன்றில் பாறையேறிகள் மற்ற எல்லாரையும்விட விரைவாகத் தேர்ச்சி பெற முடியும்.

இந்தியாவில் இருந்துகொண்டு இதைப் படிப்பவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். குல்மார்கின் கம்பிவட ஊர்தி, அபர்வத் மலைத்தோளில் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்துக்கு ஆளைக் கொண்டுவிடுகிறது. ஊர்தியிலிருந்து இறங்கிச் சில அடி நகர்ந்தால் பராமரிக்கப்படாத மலைச்சரிவு. தன் காலால் ஏறியிருந்தால் வழியெல்லாம் பனியைப் பார்த்து, தொட்டு, யோசித்திருக்கக்கூடியவர், அங்கே எதையும் அறியாமல் சரிவின் தலையில் நிற்கிறார். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத்தில் பனிச்சரிவு போலந்து நாட்டவர் இருவரைப் பலிகொண்டது. 2024 பிப்ரவரியில் அதே குல்மார்கில் ரஷ்யர் ஒருவர் இறந்தார். வாடகைக்கு எடுத்த ஸ்கீ எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, டிரான்ஸ்ஸீவர் எல்லார் உடம்பிலும் இருக்கிறதா என்பதே.

செலவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பேக்கன்ட்ரிக்கு ஸ்கீ, பைண்டிங், பூட்ஸ், ஸ்கின், மீட்புச் சாமான் எல்லாம் புதிதாக வாங்கினால் அமெரிக்காவில் 2,000 டாலரை எளிதில் தாண்டும். கிராஸ்-கன்ட்ரிக்கு அதில் பாதிகூட ஆகாது. எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடி என்று விளம்பரம் செய்வதை நம்பி வாங்குகிறவர், சமதளத்தில் கனத்தோடு தேய்ந்தும் செங்குத்தில் பிடியில்லாமல் தடுமாறியும் இரண்டையும் இழக்கிறார். மீன்செதில் வெட்டிய அகலமான பேக்கன்ட்ரி ஸ்கீகளை யூட்டாவின் வாலே (Voile) போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. மேடும் பள்ளமுமாக நீளும் நிலத்தில் அவை அருமையானவை. ஆனால் நிலத்தை அறிந்து, தேர்ந்து வாங்குபவருக்குத்தான் அவற்றின் அருமை புரியும்.

ஆகவே முதல் குளிர்காலத்தில் வாடகைக்கு எடுப்பதே முறை. கிராஸ்-கன்ட்ரி சாமான் பேட்ஜர் பாஸ் போன்ற திடல்களிலேயே கிடைக்கும். சில நாட்களுக்குப் பயிற்றுநர் ஒருவரோடு கம்பிவட நாற்காலித் திடலில் திரும்பக் கற்பது, மலைக்குள் போய் விழுந்து கற்பதைவிடப் பாதுகாப்பானது. முதல் நிலைப் பனிச்சரிவுப் பயிற்சி 3 நாள்தான். அதன் கட்டணம் ஒரு ஜோடி நல்ல ஸ்கீயின் விலைக்குள் அடங்கும். கிழக்கு சியராவுக்கும் டாஹோ வட்டாரத்துக்கும் தனித்தனிப் பனிச்சரிவு மையங்கள் அன்றாட அபாய நிலையை ஐந்து படிகளில் அறிவிக்கின்றன. அதைப் படித்துப் பொருள்கொள்ளத் தெரிந்த பிறகு பூட்ஸ் வாங்கலாம்.

இந்தச் சுமையைத் தனிமனிதர்கள் தலையில் மட்டும் வைப்பதும் நியாயமல்ல. உள்ளரங்கப் பாறையேற்றக் கூடங்கள் நகரங்களெங்கும் பெருகிவிட்டன. புதியவர்களுக்குக் கயிறு பிடிக்கக் கற்பித்து, தேர்வு வைத்து, தேறியவரை மட்டுமே அனுமதிக்கும் நல்ல மரபு அவர்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு அக்டோபரிலும், சாலை மூடுவதற்கு முன், அதே கூடங்கள் தம் உறுப்பினர்களுக்கு டிரான்ஸ்ஸீவர் தேடலும் தோண்டலும் ஒரு மாலையாவது கற்றுத்தர வேண்டும்; அருகிலுள்ள பூங்காவில் கருவியைப் புதைத்துவைத்துத் தேடச் செய்தாலே தொடங்கிவிடலாம். ஸ்கீ விற்கும் கடைகள், பேக்கன்ட்ரி சாமான் கேட்டு வருபவரிடம் பயிற்சி முடித்துவிட்டீர்களா என்று விலைச்சீட்டு எழுதும் முன்பே கேட்க வேண்டும். மீட்புச் சாமான்களைப் பயிற்சிக் கட்டணத்தோடு சேர்த்து விலை குறைத்துக் கொடுக்கலாம். இரண்டுக்கும் புதிய சட்டமோ பெரும் பணமோ தேவையில்லை. வரும் பருவத்திலேயே செய்யத் தொடங்கலாம்.